தவளை முட்டையை விழிக்கச் செய்வது எது?

பெருமழை பெய்து ஓய்ந்த இரவுகளில் குட்டைகளிலும் வயல்களிலும் தவளைகள் கூடிக் கத்துவதைக் கேளாதவர் இலர். ஆண் தவளைகள் தம் இணையை அழைக்கும் குரலே அது. மறுநாள் காலையில் அந்நீர்நிலைகளை உற்று நோக்கினால், நீரில் ஊறிய திருநீற்றுப்பச்சை விதைகளைப் போன்று, வழுவழுப்பான கூழுக்குள் கரிய மணிகள் பதிந்து கிடப்பதைக் காணலாம். அவையே தவளையின் முட்டைகள். அம்மணி ஒவ்வொன்றும் தொடக்கத்தில் ஒரே ஓர் உயிரணுவாகும்.

பெண் தவளையின் உடலை விட்டு வெளிவரும் வேளையில் அம்முட்டை உயிரோடிருப்பினும் வளர்வதில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பது போல் கிடக்கின்றது. விந்தணு வந்து சேராவிடின் அது வளராமலே கெட்டழியும். வந்து சேர்ந்துவிட்டாலோ, அடுத்த சில நொடிகளிலேயே மாறுதல்கள் தொடங்கிவிடுகின்றன. ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பயன்படும் ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டை, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகப் பிளக்கின்றது. பின்னர் அரைமணி நேரத்திற்கு ஒருமுறை நான்கு, எட்டு, பதினாறு எனப் பெருகிச் சில நாள்களில் தலைப்பிரட்டையாகி நீந்தத் தொடங்குகின்றது.

இத்துணைப் பெரிய மாற்றத்தைக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு விந்தணு எவ்வாறு உண்டாக்குகின்றது? அது முட்டைக்கு உயிரைக் கொண்டுவந்து கொடுக்கின்றதா? அல்லது முட்டையில் முன்னரே அமைந்திருக்கும் ஆற்றலைத் தட்டி எழுப்புகின்றதா? அறிஞர்கள் இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வினா இது. இதற்குத் தவளையும், அதன் உறவினமாகிய நியூட் என்னும் வாலுள்ள நீர்நில உயிரும் வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன.

வித்தும் நிலமும்

பிறப்பைப் பற்றிய பழைய எண்ணங்களுள் மிகுதியும் பரவியது, ஆணின் விந்தை வித்தாகவும் பெண்ணின் உடலை நிலமாகவும் கொள்ளும் உவமையாகும். செடி வித்தினுள் அடங்கியிருக்கின்றது. நிலம் அதனைத் தாங்கி ஊட்டி வளர்க்கின்றது என்பது அதன் கருத்து. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும், வடிவைத் தருவது ஆண், பொருளைத் தருவது பெண் என்றே கருதினார். இவ்வுவமை இன்றும் பேச்சில் வாழ்கின்றது. ஆயினும் தவளை முட்டை காட்டிய உண்மை வேறு.

தவளைகளிற் பெரும்பாலானவற்றில் கருவுறுதல் பெண்ணின் உடலுக்கு வெளியே, நீரில் நிகழ்வது. ஆண் தவளை பெண்ணின் முதுகிலேறித் தழுவிக்கொள்ள, பெண் முட்டைகளை வெளியிடும். அவற்றின் மீது ஆண் விந்துநீரைச் சொரியும். ஆகவே அந்நிகழ்ச்சியைக் கண்ணால் காணவும், வேண்டுமாயின் இடையிட்டுத் தடுக்கவும் இயலும். ஆராய்ச்சியாளர்கள் தவளையை நாடியதற்கு முதற் காரணம் இதுவே.

பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பாதிரியாரும் பேராசிரியருமாகிய ஸ்பல்லன்சானி, ஆண் தவளைகளுக்கு நீர் புகாத பட்டுத்துணியில் சிறு காற்சட்டைகள் தைத்து அணிவித்தார். அவற்றோடு கூடிய பெண் தவளைகளின் முட்டைகள் வளராமல் அழுகின. காற்சட்டையில் தங்கிய நீர்த்துளிகளை எடுத்து வேறு முட்டைகளின் மீது தடவியபோது, அவை தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. அவர் விந்துநீரைத் தாள்களில் வடிகட்டியும் பார்த்தார். வடிந்த நீருக்குக் கருவுறச் செய்யும் ஆற்றல் இல்லை. தாளில் தங்கியதை நீரில் கலந்தபோது அவ்வாற்றல் இருந்தது. இவ்வாய்வுகளை விளக்கும் அவருடைய நூல் 1780ஆம் ஆண்டில் வெளிவந்தது.

விடை கைக்கு எட்டியும் அவர் அதனைப் பற்றவில்லை. விந்துநீரில் நெளியும் நுண்ணிய உருவங்கள் வெறும் ஒட்டுண்ணிகளே என அவர் எண்ணினார். விந்தணுவே கருவுறுதலுக்குக் காரணம் என்பதை 1824ஆம் ஆண்டில் பிரெவோ, துய்மா என்னும் இருவர், வடிகட்டும் ஆய்வை மீண்டும் செய்து வலியுறுத்தினர். 1850களின் தொடக்கத்தில் ஜார்ஜ் நியூப்போர்ட் என்னும் ஆங்கிலேயர், விந்தணு தவளை முட்டையினுள் நுழைவதைக் கண்டு எழுதினார். விந்தணு நுழையும் இடத்திற்கும் முட்டை முதன்முதலாகப் பிளக்கும் கோட்டிற்கும் தொடர்புண்டு என்பதையும் அவர் கண்டார்.

ஊசிமுனையில் பிறந்த தவளை

விந்தணு இன்றியமையாதது என்று முடிவாகிவிட்ட நிலையில், 1910ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் யூஜின் பத்தாயோன் எல்லாரையும் திகைக்கச் செய்தார். விந்துநீர் படாத தவளை முட்டைகளை அவர் மிக நுண்ணிய ஊசியால் குத்தினார். வேறொன்றும் செய்யவில்லை. அம்முட்டைகள் விழித்துக்கொண்டன. அவற்றுட் சில பிளந்து வளர்ந்து தலைப்பிரட்டைகளாயின. பின்னர் அமெரிக்காவில் ஜாக் லோப் என்பவர், இவ்வாறு தந்தையின்றித் தோன்றிய குஞ்சுகள் சிலவற்றை முழுத் தவளைகளாகவே வளர்த்துக் காட்டினார்.

ஊசியில் உயிரும் இல்லை, வித்தும் இல்லை, தந்தையின் பண்புகளும் இல்லை. எனினும் முட்டை விழித்தது. வளர்ச்சிக்கு வேண்டிய உணவும் கருவிகளும் தொழில்முறையும் முட்டையிலேயே நிறைந்துள்ளன என்பதும், அதற்கு வேண்டியது ஒரு தூண்டுதலே என்பதும் இதனால் தெளிவாயின. வித்து, நிலம் என்னும் உவமை இவ்விடத்தில் உடைந்துவிட்டது.

ஆயினும் பத்தாயோன் மற்றொன்றையும் கண்டார். குத்தப்பட்ட முட்டைகளுள் மிகப் பெரும்பாலானவை விழித்தனவேயன்றி, ஒழுங்காகப் பிளந்து வளரவில்லை. முட்டையின் மீது சிறிது குருதியைத் தடவிவிட்டு, ஊசி அதனையும் உள்ளே கொண்டு செல்லுமாறு குத்தியபோதுதான் வளர்ந்தவற்றின் எண்ணிக்கை உயர்ந்தது. ஆகவே விந்தணு செய்யும் பணி ஒன்றன்று, இரண்டு என்று அவர் முடிவு செய்தார். முட்டையை எழுப்புவது ஒன்று. எழுந்த முட்டையை நெறிப்படுத்துவது மற்றொன்று. முதற் பணியை ஊசி செய்யும். இரண்டாவதை ஊசி மட்டும் செய்யாது.

முட்டை ஏன் உறங்குகின்றது?

விழிப்பை அறிய வேண்டுமானால் உறக்கத்தை முதலில் அறிதல் வேண்டும். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி எனக் குரோமோசோம்கள் சேரவேண்டுமாதலின், முட்டை தன்னிடமுள்ள குரோமோசோம்களைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுகின்றது. அதற்காக அது இரண்டு முறை பிரிகின்றது. முதற் பிரிவு முறையாக முடிகின்றது. இரண்டாம் பிரிவிலோ, குரோமோசோம்கள் நடுவில் அணிவகுத்து நிற்கும் வேளையில் தொழில் முழுவதும் நின்றுவிடுகின்றது. முதுகெலும்புள்ள உயிர்களுள் பெரும்பாலானவற்றின் முட்டைகள் விந்தணுவுக்காகக் காத்திருப்பது இந்நிலையிலேதான்.

இஃது ஓய்ந்துபோன நிலையன்று. வலிந்து பிடித்து நிறுத்தப்பட்ட நிலை. இதனை 1971ஆம் ஆண்டில் யோஷியோ மசூயி, கிளெமென்ட் மார்க்கர்ட் ஆகிய இருவரும் ஓர் எளிய ஆய்வினால் காட்டினர். கருவுறாத தவளை முட்டையிலிருந்து சிறிது உள்நீரை உறிஞ்சி, அப்பொழுதுதான் இரண்டாகப் பிளந்திருந்த வேறொரு கருவின் ஒரு பாதியில் செலுத்தினர். உள்நீர் பெற்ற பாதி, பிரிவின் நடுவே அப்படியே நின்றுவிட்டது. மற்றப் பாதி எவ்விதத் தடையுமின்றிப் பிளந்துகொண்டே சென்றது. கருவுறாத முட்டையினுள் பிரிவைத் தடுத்து நிறுத்தும் பொருள் ஒன்று உண்டு என்பது இதனால் மெய்ப்பட்டது.

அப்பொருளின் உறுப்பாக நின்று தடுப்பது எமி-2 என்னும் புரதமே என்பது 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளால் விளங்கிற்று. பிரிவு முடிவதற்கு, சைக்ளின் என்னும் வேறொரு புரதம் சிதைக்கப்படுதல் வேண்டும். அதனைச் சிதைக்கும் பொறியை எமி-2 கட்டிப்போட்டிருக்கின்றது. வண்டியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, தடையை மிதித்துப் பிடித்திருக்கும் காலைப் போன்றது எமி-2. விந்தணு இயந்திரத்தைப் புதிதாக முடுக்குவதில்லை. அக்காலை எடுக்கச் செய்கின்றது.

கால்சியம் அலை

அத்தடையை நீக்கும் செய்தி எது? சுண்ணாம்பிலும் எலும்பிலும் உள்ள கால்சியமே அது.

முட்டையினுள் நுண்ணிய பைகள் போன்ற சேமிப்பு அறைகளில் கால்சியம் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. அறைகளுக்கு வெளியே உள்நீரில் அதன் அளவு மிகக் குறைவு. விந்தணு சேர்ந்ததும், அது சேர்ந்த இடத்தில் அவ்வறைகள் திறந்து கால்சியம் வெளிப்படுகின்றது. வெளிப்பட்ட கால்சியம் பக்கத்து அறைகளைத் திறக்கச் செய்ய, அவை தமக்கு அடுத்தவற்றைத் திறக்கச் செய்கின்றன. சரவெடியில் ஒரு வெடியின் தீ அடுத்ததைப் பற்றவைப்பது போல, முட்டையின் ஒரு புறத்தில் தோன்றிய கால்சியம் அலை மறுபுறம் வரை பரவுகின்றது.

இவ்வலையை முதன்முதல் கண்டது தவளையிலன்று, மெடாக்கா என்னும் சிறு மீனின் முட்டையில். கால்சியம் பட்டால் ஒளிவிடும் ஒரு புரதம் ஜெல்லி மீன்களில் உண்டு. அதனை மீன் முட்டையில் செலுத்தி வைத்திருந்து, கருவுறும் வேளையில் ஒளி முட்டையின் குறுக்கே நகர்ந்து செல்வதை 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க அறிஞர்கள் கண்டனர். நகத்தவளையின் முட்டையில் கால்சியத்தை உணரும் நுண்மின்முனைகளைப் புகுத்தி, 1985ஆம் ஆண்டில் பூசா, நூச்சிட்டெல்லி ஆகிய இருவரும் அதனை அளந்தனர். கால்சியத்தின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்தது. அலை நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு தொலைவு சென்றது. நகத்தவளையின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த குறுக்களவுடையது. ஆதலால் அதனைக் கடக்க அலைக்குச் சில நிமிடங்கள் பிடிக்கின்றன.

அலை சென்ற இடமெல்லாம் கால்சியம் ஒரு நொதியை முடுக்குகின்றது. அந்நொதி எமி-2 புரதத்தை அழிவுக்கு உள்ளாக்குகின்றது. தடை நீங்கச் சைக்ளின் சிதைகின்றது. நின்றிருந்த பிரிவு முடிவடைகின்றது. முட்டையின் உட்கரு விந்தணுவின் உட்கருவை நோக்கி நகர்கின்றது.

ஊசிமுனையின் புதிரும் இங்கே விடுபடுகின்றது. குட்டை நீரில் கால்சியம் உண்டு. ஊசி குத்திய துளை வழியே அது முட்டையினுள் புகுந்து அலையைத் தொடங்கி வைக்கின்றது. கால்சியம் நீக்கப்பட்ட நீரில் வைத்துக் குத்தினால் முட்டை விழிப்பதில்லை.

தாழிடப்படும் கதவு

ஒரு விந்தணு நுழைந்தது போதும் என்றிருக்க, முட்டையைச் சுற்றிலும் எண்ணற்ற விந்தணுக்கள் மொய்த்துக்கொண்டிருக்கும். தவளை முட்டையில் இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிட்டால், குரோமோசோம்கள் பல பக்கமும் இழுபட்டு முறையின்றிப் பங்கிடப்படும், கரு அழியும். எனவே விழித்த முட்டையின் முதல் வேலை, கதவைத் தாழிடுவதாகும். அது இரண்டு தாழ்களை இடுகின்றது.

முதலாவது மின்தாழ். கருவுறாத முட்டையின் உட்புறம் வெளிப்புறத்தை நோக்க எதிர்மின்னழுத்தம் உடையது. நகத்தவளையில் அது ஏறத்தாழ 20 மில்லிவோல்ட். விந்தணு சேர்ந்ததும் இது தலைகீழாக மாறி, உட்புறம் நேர்மின்னழுத்தம் பெறுகின்றது. அந்நிலையில் வேறு விந்தணு சேர இயலாது. 1980ஆம் ஆண்டில் கிராஸ், எலின்சன் ஆகிய இருவரும், கருவுறாத தவளை முட்டையின் மின்னழுத்தத்தைக் கருவியால் நேர்மறையாக்கி நிறுத்தினர். அது நீடித்த வரையில் விந்தணு எதுவும் கருவுறச் செய்யவில்லை.

இம்மின்மாற்றத்தை உண்டாக்குவதும் கால்சியமே. அது முட்டையின் மேற்படலத்தில் உள்ள சில வாயில்களைத் திறக்க, உள்ளிருக்கும் குளோரைடு அயனிகள் வெளியேறுகின்றன. எதிர்மின்னேற்றம் வெளியே செல்வதால் உட்புறம் நேர்மறையாகின்றது. கடலில் வாழும் முள்ளெலிகளின் முட்டைகளும் மின்தாழ் இடுகின்றன. ஆனால் அவை கடல்நீரில் மிகுந்துள்ள சோடியத்தை உள்ளே விடுகின்றன. குட்டை நீரில் அத்துணை உப்பு ஏது? ஆதலால் தவளை முட்டை தன்னிடமுள்ள குளோரைடை வெளியே விட்டு அதே பயனைப் பெறுகின்றது. அவ்வாயிலாக அமைந்த புரதம் எது என்பதை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

மின்தாழ் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் இரண்டாவது தாழ் விழுந்துவிடுகின்றது. முட்டையின் மேற்படலத்திற்கு அடியில் ஆயிரக்கணக்கான சிறு துகட்பைகள் உள்ளன. கால்சியம் அலை வந்ததும் அவை வெளிப்புறமாகத் திறந்து தம் பொருளைக் கொட்டுகின்றன. அப்பொருள் முட்டையைச் சுற்றியுள்ள உறையையும் கூழையும் பற்றி இறுகச் செய்கின்றது. உறையும் முட்டையை விட்டு விலகி எழும்புகின்றது. இனி விந்தணு அதனை ஊடுருவ இயலாது.

உறை விலகியதால் முட்டை உள்ளே தடையின்றிச் சுழலும். மஞ்சட்கரு நிறைந்த வெளிர்நிறப் பாதி கனமுடையதாதலின் கீழே செல்ல, கரிய பாதி மேலே வரும். கரிய முட்டையிடும் தவளைகளில், சிறிது நேரத்திற்கு முன் இடப்பட்ட முட்டைகள் எல்லாம் கருமை மேலாக நின்றால் அவை கருவுற்றன என்று அறியலாம். வெள்ளையும் கருப்புமாகத் தாறுமாறாகக் கிடப்பவை விந்தணு சேராதவை. நுண்ணோக்கி இன்றியே மாணவர் கண்டறியக்கூடிய அடையாளம் இது.

கதவைத் தட்டுவதா, உள்ளே கொடுப்பதா?

இதுவரை கூறியன யாவும் கால்சியத்திற்குப் பின் நிகழ்பவை. முதல் அறையைத் திறப்பதற்கு விந்தணு செய்வது யாது? இங்கேதான் அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். விந்தணு வெளியில் நின்று முட்டையின் மேற்படலத்தைத் தொட, அத்தொடுகையே செய்தியாக உள்ளே செல்லுகின்றது என்பது ஒரு கட்சி. விந்தணு முட்டையோடு ஒன்றாகி, தன் உள்ளிருக்கும் ஒரு பொருளை முட்டைக்குள் விடுகின்றது என்பது மற்றொரு கட்சி. ஒருவர் கதவைத் தட்டுவதற்கும், உள்ளே வந்து கடிதம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

நகத்தவளையின் சான்றுகள் பெரும்பாலும் முதற் கட்சியின் பக்கம் உள்ளன. புரதத்தை வெட்டும் நொதிகள் சிலவற்றை நீரில் கலந்து வெளியிலிருந்து படச் செய்தாலே முட்டை விழிப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டில் காட்டினர். விந்தணுவும் அத்தகைய நொதியை உடையது. முட்டையின் மேற்படலத்தில் உள்ள யூரோபிளாக்கின் என்னும் புரதம் இச்செய்தியைப் பெறும் உறுப்புகளுள் ஒன்று என்பதும், அதனை அடுத்துப் படலத்தின் உட்புறத்தில் சார்க் என்னும் நொதி முடுக்கப்படுகின்றது என்பதும் அவர்களுடைய ஆய்வுகளால் தெரியவந்தன. இறுதியில் ஐ.பி.3 எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு சிறு பொருள் உண்டாகின்றது. கால்சிய அறைகளின் பூட்டுக்குத் திறவுகோல் அதுவே. கருவுறாத முட்டையில் ஐ.பி.3 பொருளை நேரே செலுத்தினாலும் கால்சியம் அலை எழுகின்றது.

எனினும் வழக்கு முற்றும் தீர்ந்துவிடவில்லை. தவளை விந்தணுவின் சாற்றை எலியின் முட்டையில் செலுத்தியபோது அங்கே கால்சியம் எழுந்தது என 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தட்டும் தவளை விந்தணுவின் பையிலும் ஒரு கடிதம் இருக்கின்றது போலும்.

நியூட்டின் வழி

தவளையின் உறவினமாகிய நியூட் வேறு வழியில் செல்கின்றது. ஜப்பானிய நியூட்டில் ஆண் ஒரு விந்துப் பொதியை நீரினடியில் வைக்க, பெண் அதனைத் தன் உடலுக்குள் ஏற்றுச் சேமித்து வைத்துக்கொள்ளும். முட்டைகள் ஒவ்வொன்றாக வெளிவரும்பொழுது, சேமிப்பிலிருந்து விந்தணுக்கள் அவற்றின் மேல் படும். இம்முட்டைக்கு மின்தாழ் இல்லை. ஒரு முட்டைக்குள் பல விந்தணுக்கள், சிலவேளை இருபது வரையிலும், நுழைகின்றன. தவளைக்கு அழிவு தரும் இந்நிலை நியூட்டுக்கு இயல்பானது. விந்தணு உட்கருக்களுள் ஒன்று மட்டும் முட்டையின் உட்கருவோடு சேர, மற்றவை முட்டைக்குள்ளேயே சிதைந்து மறைகின்றன.

நியூட் விந்தணு தன்னுள்ளே கொண்டுவரும் பொருளால் முட்டையை எழுப்புகின்றது. யமகுச்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவாவோ என்பாரும் அவருடன் பணியாற்றியோரும், நியூட் விந்தணுவின் சாற்றிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது சிட்ரேட் சின்தேஸ் என்னும் நொதி. உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் வேலையில் எல்லா விலங்குகளின் உயிரணுக்களிலும் ஈடுபடும் பழந்தொழிலாளி அந்நொதி. நியூட்டிலோ அதற்கு முட்டையை எழுப்பும் புதுத் தொழிலும் கிடைத்துள்ளது.

இங்கே கால்சியம் மெல்ல எழுகின்றது. ஒரு விந்தணு எழுப்பும் அலை பெரிய முட்டையின் ஒரு பகுதியளவே பரவுகின்றது. பல விந்தணுக்களின் அலைகள் கூடியே முட்டை முழுவதையும் விழிக்கச் செய்கின்றன. விரைவாகத் தட்டி விரைவாகத் தாழிடுவது தவளையின் முறை. பலரை உள்ளே விட்டு ஒருவரை மட்டும் ஏற்பது நியூட்டின் முறை. வழிகள் வேறாயினும் இரண்டும் கால்சியம் என்னும் ஒரே வாயிலில் வந்து சேர்கின்றன.

ஊசி தர இயலாதவை

விழிப்பை ஊசியும் தரும் என்றால், விந்தணுவுக்கு வேறு என்ன சிறப்பு? பத்தாயோன் கூறிய இரண்டாம் பணி இப்பொழுது தெளிவாகியுள்ளது. உயிரணு ஒழுங்காகப் பிளப்பதற்கு, குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் இழைகளைக் கட்டும் மையம் ஒன்று வேண்டும். முட்டை வளரும்பொழுதே தன் மையத்தை இழந்துவிடுகின்றது. விந்தணு அதனைக் கொண்டுவருகின்றது. ஊசியோடு உள்ளே சென்ற குருதியணுக்களும் அம்மையத்தை அளித்ததனாலேயே பத்தாயோனின் முட்டைகள் நன்கு பிளந்தன. தந்தையின் பங்காகிய குரோமோசோம்களையும் ஊசி தருவதில்லை. அவை இன்றிப் பாதித் தொகையோடு வளரும் தலைப்பிரட்டைகள் வலுவற்றவையாகி இளமையிலேயே மடிகின்றன.

மூன்றாவது கொடை திசை. கருவுற்ற முட்டையின் மேற்பகுதி, முதற் பிளவுக்கு முன், உள்ளிருக்கும் மஞ்சட்கருவின் மீது ஏறத்தாழ 30 பாகை நகர்கின்றது. விந்தணு நுழைந்த இடத்திற்கு எதிர்ப்புறத்திலேயே பொதுவாக முதுகு அமைகின்றது. ஊசியால் விழித்த முட்டையிலும் இந்நகர்ச்சி உண்டு; ஆனால் அதன் திசையைக் காட்ட விந்தணு இல்லை.

மருத்துவத்தில் இதன் பயன்

குட்டைத் தவளையில் தொடங்கிய இவ்வாராய்ச்சி, பிள்ளைப்பேறின்றி வருந்தும் இல்லங்கள் வரை வந்து சேர்ந்துள்ளது. ஒரே விந்தணுவை ஊசியால் மனித முட்டைக்குள் நேரே செலுத்திக் கருவுறச் செய்யும் முறையால் குழந்தைகள் பிறந்த செய்தி, 1992ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் பிரசல்ஸ் நகரிலிருந்து வெளியாயிற்று. மேற்படலத்தைத் தட்டாத விந்தணு முட்டையை எழுப்புவது எங்ஙனம்? பாலூட்டிகளின் விந்தணு நியூட்டைப் போல் ஒரு பொருளை உள்ளே கொண்டுவருவதே காரணம். பி.எல்.சி. சீட்டா என்னும் அந்நொதியைப் பிரித்தானிய அறிஞர்கள் 2002ஆம் ஆண்டில் எலியில் கண்டறிந்தனர். அது கால்சிய அறைகளின் திறவுகோலாகிய ஐ.பி.3 பொருளை முட்டைக்குள் உண்டாக்குகின்றது.

சில ஆடவரின் விந்தணுக்களில் இந்நொதி பழுதுற்றிருக்கின்றது, அல்லது இல்லாதிருக்கின்றது. அத்தகையோரின் விந்தணுவை முட்டைக்குள் செலுத்தினாலும் முட்டை உறக்கத்திலேயே இருந்துவிடும். அந்நிலையில் முட்டைக்குள் கால்சியத்தை உயர்த்தும் மருந்துப் பொருளைக் கொண்டு அதனை எழுப்பும் முறையைச் சில மருத்துவர்கள் கையாளுகின்றனர். பத்தாயோனின் ஊசி செய்த வேலையையே இன்று அம்மருந்து செய்கின்றது. பிள்ளையின்மைக்குப் பெண்ணையே குறைகூறும் வழக்கம் இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. முட்டை குறைவற்றிருந்தும் அதனை எழுப்பும் செய்தி விந்தணுவில் இல்லாதிருக்கக்கூடும் என்பதை அறிந்தோர் அவ்வாறு கூறார்.

பள்ளிகளில் கருவுறுதலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், விந்தணு ஓடிவந்து முட்டையைத் துளைத்துக் கருவாக்குகின்றது எனக் கூறி நிறுத்திவிடுவது உண்டு. அக்கூற்றில் முட்டை ஒன்றும் செய்யாத வெறும் நிலமாகிவிடுகின்றது. உண்மையில், உணவைச் சேர்த்து வைத்ததும், தன்னைத் தானே நிறுத்திக் காத்திருந்ததும், கால்சியம் அலையை எழுப்பியதும், தாழிட்டதும் முட்டையே. விந்தணு எழுப்பும் செய்தியையும், இழைகளைக் கட்டும் மையத்தையும், தந்தையின் பங்கையும், முதுகின் திசையையும் கொண்டுவருகின்றது. இரண்டின் பணியையும் உரிய அளவில் எடுத்துரைத்தலே மாணவர்க்கு உண்மையை உணர்த்துவதாகும்.